தண்ணீர் ஏறாத வீடு

என் மனைவி வெங்கடம்மாள் செத்து நாற்பத்தோராம் நாள் நான் குழாய் வாங்கக் கடைக்குப் போனேன். சாவு விழுந்த வீட்டுக்காரன் எத்தனை நாள் வரைக்கும் என்னென்ன வாங்கக்கூடாது என்று எங்கள் தெருவில் பெரிய பட்டியலே வைத்திருந்தார்கள். குழாயைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அதனால் போனேன்.

அருப்புக்கோட்டை பஜாரில் சுப்புராஜ் இரும்புக்கடை வைத்திருந்தார். தாழ்ப்பாள், வாளி, கிணற்று உருளை எல்லாம் கிடைக்கும். குழாய்களை ஒரு பலகையில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார். அந்தப் பலகைக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான். காலில் எறும்பு ஏறினால் ஏறுவது தெரியும், தட்டிவிடத் தோன்றாது.

சுப்புராஜுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கல்லாவை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் எந்நேரம் வருகிறது, எத்தனை அடி ஏறும், ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவு, குழாயில் நின்று பிடிக்கவா, உட்கார்ந்து பிடிக்கவா? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, பத்தொன்பது வருஷக் குடித்தனம். தறியில் ஒரு பாவுக்கு எத்தனை இழை ஓடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டு அடுப்படியில் எத்தனை குடம் இருக்கிறது என்று அவர் கேட்டபோது கடையின் கூரையைப் பார்த்தேன்.

அவர் பலகையிலிருந்து ஒரு பித்தளைக் குழாயை எடுத்துக் காட்டினார். கட்டையாக, அழுக்கு மஞ்சளாக இருந்தது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் உள்ளே நேர்வழி திறந்துகொள்கிறது. இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. மற்ற குழாய்களில் திருகைச் சுற்றச் சுற்ற உள்ளே அடைத்திருக்கிற வாஷர் தூக்கும், தண்ணீர் ஏறி இறங்கி வளைந்து வர வேண்டும், வேகம் இருக்கிற ஊருக்குத்தான் அவை சரிப்படும் என்றார். எங்கள் தெரு தண்ணீர்த் தொட்டிக்குக் கடைக்கோடி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அதுவும் தெரியாது.

நான் அதை வாங்கவில்லை. பலகையின் மேல் வரிசையில் வெள்ளி போலப் பளபளவென்று, கொக்குக் கழுத்தாக வளைந்த குழாய் ஒன்று இருந்தது. அதைக் காட்டினேன். ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போயிருந்தபோது, மண்டபத்துச் சமையல்கட்டில் அப்படி ஒரு குழாயை வெங்கடம்மாள் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் அவளைக் காணோம் என்று தேடினால், அங்கே நின்று அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இதுல நின்னுக்கிட்டே ஏனம் கழுவலாம் என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

சுப்புராஜ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை சொல்லவில்லை. மனைவி போனவனிடம் யாரும் மூன்றாம் தடவை எதையும் சொல்வதில்லை. அதனாலேயே அந்த நாட்களில் நான் ஏகப்பட்ட மடத்தனம் பண்ணினேன்.

குழாய்க்கு என்ன அவசரம் என்றால், என் மகள் கோகிலாம்பாளின் படிப்பு. எழுபத்திரண்டாம் வருஷம் அது, அவள் பதினோராம் வகுப்பு. பங்குனியில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் அந்தப் பரீட்சை எழுதியதில்லை. தெருமுனைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். வருகிற நேரம் காலை ஒன்பது, நிற்கிற நேரம் பத்தேகால். பள்ளிக்கூட மணி ஒன்பதரைக்கு. வெங்கடம்மாள் இருந்தவரைக்கும் இந்த மணிக்கணக்கெல்லாம் அவளுடைய பாடு. அவள் போன பிறகு கோகிலா தண்ணீர் வருகிற நாளில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. நானும் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியை ஆளனுப்பிக் கூப்பிட்டார். வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இனி நாலு நாள் வராமல் போனால் பரீட்சைக்கு அனுப்ப முடியாது, மேலிடத்து விதி, என் கையில் இல்லை என்றார். நல்லாப் படிக்கிற பிள்ளை, வீட்டில் தண்ணீர் எடுக்க வேறு ஆள் இல்லையா என்றும் கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு எதிரே நல்ல வேட்டி கட்டிக்கொண்டு, இரண்டு கையும் இரண்டு காலும் சரியாக இருக்கிற ஆள் ஒருவன் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னான்.

அப்போது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. எங்கள் நெசவாளர் தெருவில் ஆம்பிளை குடம் எடுக்க மாட்டான். யாரும் சட்டம் போடவில்லை. நூல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஜார் முழுக்க நடப்போம், பாவுக்குக் கஞ்சி போட அண்டாவையே இருவராகத் தூக்குவோம், அதற்கெல்லாம் மானம் போகாது. தெருக்குழாயில் பெண்டுகளோடு வரிசையில் நின்றால் மட்டும் போய்விடும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே என் புத்தியில் தட்டவில்லை. தண்ணீரை எப்படி வீட்டுக்குள் வரவழைப்பது என்றுதான் யோசித்தேன். வெங்கடம்மாளின் நச்சரிப்புக்காக இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதிப்போட்ட மனுவுக்கு, அவள் போன மூன்றாம் வாரம் வீட்டுக் குழாய்க்கு உத்தரவு வந்திருந்தது.

பைப்பு போட மாரிச்சாமி வந்தார். திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர், ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு பழைய சைக்கிள் டியூப். வாசலில் சாக்கடையைத் தாண்டிப் பள்ளம் பறித்து, படிக்கு அடியில் பைப்பைக் கொண்டுவந்து, சமையல்கட்டில் இடுப்பு உயரத்துக்கு ஏற்றினார். பளபளப்புக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். ஏறுமா என்று எனக்குச் சந்தேகம், நீங்கள் சொன்னால் மாட்டுகிறேன் என்றார். மாட்டுங்கள் என்றேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கோகிலா பச்சைத் தாவணியும் புத்தகப் பையுமாகச் சமையல்கட்டில் நின்றாள். நான் திருகைத் திறந்தேன். கொக்குக் கழுத்திலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் காற்று. பிறகு நாலைந்து சொட்டு துருத் தண்ணீர். திருகை முழுசாகச் சுற்றினேன், திருப்பிச் சுற்றினேன். ஒன்பதே காலுக்குக் கோகிலா பையை ஆணியில் மாட்டிவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். நாலில் ஒன்று போயிற்று.

புதன்கிழமை மாரிச்சாமி மறுபடி வந்தார். சைக்கிள் டியூபின் ஒரு முனையை வாசல் பள்ளத்தில் இருந்த பைப்பில் செருகிக் கட்டினார். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தரையோடு வைத்தார். தண்ணீர் கொட்டியது. மெல்ல மெல்ல மேலே தூக்கினார். ஓட்டம் நூலாக இளைத்து, ஓர் இடத்தில் நின்றது. டியூபின் வாயில் தண்ணீர் பளிச்சென்று தெரிகிறது, வெளியே வழியவில்லை. அந்த மட்டத்தில் வாசல்படியின் பக்கவாட்டில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டார். வீட்டுத் தரைக்கும் கோட்டுக்கும் நடுவே முழங்கையை வைத்து அளந்தார். ஒரு முழம். எங்கள் வீட்டுத் தரைக்கு ஒரு முழம் கீழேயே தண்ணீர் நின்றுவிடுகிறது. நான் இடுப்பு உயரத்தில் வெள்ளிக் குழாய் மாட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"செட்டியாரே, தங்கத்துல பைப்பு போட்டாலும் இந்த வீட்டுக்குத் தண்ணி ஏறாது" என்றார் மாரிச்சாமி. "தண்ணி நம்மகிட்ட ஏறி வராது. நாமதான் எறங்கிப் போகணும்."

இறங்கிப் போவது என்றால் குழி. மற்ற தெருக்களில் வாசலுக்கு வாசல் அப்படிக் குழி வெட்டி, அதற்குள் குழாயை வைத்து, இரண்டு படி இறங்கிப் பிடிப்பார்கள். எங்கள் தெருவில் அது நடக்காது. எங்களுடையது பாவு நீட்டுகிற தெரு. விடிந்தால் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நூலைக் கட்டி இழுத்து இருபுறமும் ஆட்கள் நடப்பார்கள். அதில் ஒரு சாண் குழி தோண்டினாலும் தெருக்கூட்டம் கூடிவிடும். சமையல்கட்டிலாவது தோண்டலாம் என்றால் அது நாலு முழ அகலம், மூன்று பக்கமும் மண்சுவர். கடப்பாரை விழுந்தால் சுவரும் கூடவே விழும் என்றார் மாரிச்சாமி. சொல்லிவிட்டுப் போகாமல் முன்கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்கூடத்தில் என் தறி இருந்தது. அது குழித்தறி. நெய்கிறவன் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். குழி இரண்டு முழ ஆழம். என் அப்பா வெட்டியது, நான் முப்பது வருஷமாகக் காலை விட்டுக்கொண்டிருப்பது. இந்த ஒன்றரை மாதமாகவும் தினமும் போய் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தேன். காலைக் குழிக்குள் விட்டுக்கொள்வேன். குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கையில் எடுப்பேன். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. பாதி நெய்த சேலை பாதியிலேயே நின்றது.

"குழி இருக்கே" என்றார் மாரிச்சாமி, என் முகத்தைப் பார்க்காமல். "இன்னும் ஒரு சாண் பறிச்சா கொடம் நிக்கும்."

அது நெய்கிற இடம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டியூபைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதற்குள் மணி பத்து. கோகிலா எப்போது பையை மாட்டினாள், எப்போது குடத்தை எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. இரண்டு போயிற்று.

என் அண்ணன் அப்பய்யா அடுத்த தெருவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். அவர் காதுக்கு எதுவும் தப்பாது, மாரிச்சாமி சொன்னதும் போயிருந்தது. எங்கள் வீடுகளுக்குள் கன்னடம்தான் பேசுவோம், அண்ணன் மட்டும் முக்கியமான விஷயம் என்றால் தமிழுக்கு மாறிவிடுவார். தமிழில் சொன்னால் ஊரே சொன்ன மாதிரி இருக்கும் என்பது அவர் எண்ணம்.

"தம்பி, தறிக்குழி அம்மன் இருக்கிற எடம். அதுல பைப்பு வக்கிறதும் சாமி மாடத்துல கோழி அடைக்கிறதும் ஒண்ணுதான்" என்றார்.

எதற்கு இத்தனை பாடு என்று பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னார். பெண் பிள்ளை இத்தனை படித்ததே அதிகம், பரீட்சை எழுதி அவள் என்ன கலெக்டராகவா போகிறாள்? அப்படிப் படித்தே ஆக வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது, அவருக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறாள், முப்பது வயது, தாலியறுத்தவள், அறுத்துக்கட்டலாம் என்கிற குடும்பம், வேலைக்குச் சளைக்காதவள். வருஷம் திரும்பட்டும் என்றெல்லாம் பார்க்க வேண்டாம், ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார்.

"வீட்டுக்கு ஒரு பொம்பளை வந்தா தண்ணி தானா வந்துரும்" என்று முடித்தார்.

அண்ணன் கெட்டவர் இல்லை. வெங்கடம்மாளுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு படுத்துக் கிடந்தவர். அவர் சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது. பத்தொன்பது வருஷம் எங்கள் வீட்டில் குழாய் இருந்திருக்கிறது, அது சேலை கட்டிக்கொண்டு நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அது உடைந்துபோனால் வேறு ஒன்று மாட்டச் சொல்கிறார். நான் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அன்றைக்கும் தண்ணீர் நாள். கோகிலா எட்டுக் குடமும் எடுத்து முடித்து, அடுப்பை மூட்டி, பதினொன்றரைக்கு எனக்குச் சோறு போட்டாள். மூன்று போயிற்று. பெரியப்பா பேசியதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன குழம்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"அப்பா" என்றாள். "அம்மாவக் குளிப்பாட்டுன தண்ணி எங்கருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கும் தண்ணி வர்ற நாளுதான். வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. எல்லாரும் உங்களச் சுத்தி உக்காந்திருந்தாக. நான் கொடத்த எடுத்துக்கிட்டுப் போனேன். வரிசையில இருந்தவுக எல்லாம் வழி விட்டாக. ஏழு கொடம் எடுத்தேன்."

அவள் குரலில் குறை ஒன்றும் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள். மோர் ஊற்றவா என்று கேட்டாள்.

அந்தக் காலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. முன்கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் வெங்கடம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் அரைத்தார்கள், சீயக்காய் கரைத்தார்கள், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஈரம் என் கால் வரைக்கும் ஓடி வந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாவு வீட்டில் தண்ணீர் இருக்கும், கல்யாண வீட்டில் தண்ணீர் இருக்கும், என் சொம்பில் எப்போதும் தண்ணீர் இருக்கும். பதினாறு வயதுப் பிள்ளை, பெற்றவளைக் குளிப்பாட்ட ஏழு நடை நடந்திருக்கிறாள். நாங்கள் இருபது ஆம்பிளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது நாளுக்கு மேல் ஒன்றுமே இல்லாமல் கிடந்த மனசில் முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம்தான்.

கையைக் கழுவிவிட்டுத் தறிக்குப் போனேன். பாதிச் சேலையை அறுத்தேன். நெய்த துணி சுற்றும் படைமரத்தைக் கழற்றினேன், இழை கோத்த விழுதுகளை அவிழ்த்தேன், மிதிபலகைகளைக் குழிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். மூன்று மணிக்குள் தறி சுவரோரம் சாத்திய கட்டைகளாகிவிட்டது. சாயங்காலம் பக்கத்துத் தெருவில் பன்னிரண்டு தறி போட்டிருக்கும் ஒருவரிடம் போய், கூலிக்கு நெய்ய வருகிறேன் என்றேன். தண்ணீர் வருகிற நாளில் மட்டும் பதினொரு மணிக்குத்தான் வருவேன் என்றும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மனைவி போனவன் என்பதால் மேலே கேட்கவில்லை.

சுப்புராஜ் கடையில் அந்தக் கட்டைப் பித்தளைக் குழாய் இன்னும் பலகையில்தான் இருந்தது. நான் சொல்லாமலே எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக் குழாயைத் திருப்பித் தருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது, இன்றைக்கும் கழற்றவில்லை.

மாரிச்சாமியால் திங்கட்கிழமைதான் வர முடிந்தது. நடுவில் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது, பள்ளிக்கூடம் இல்லாததால் கோகிலா தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள். திங்களன்று அவர் குழியை இன்னும் ஒரு சாண் பறித்து, வாசல் பள்ளத்திலிருந்து பைப்பைச் சாய்வாக இறக்கி, தரைக்கு ஒன்றே முக்கால் முழம் கீழே பித்தளைக் குழாயை மாட்டினார். நடுவில் எங்கேயும் பைப்பு மேலேறி இறங்காமல் பார்த்துக்கொண்டார். தண்ணீர் இல்லாத நாள் என்பதால் திறந்து பார்க்க வழி இல்லை. வரணும், ஆனால் நான் பார்த்தால்தான் நிச்சயம் என்று சொல்லிவிட்டு, தலையை வாசல் நிலையில் இடித்துக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் நாள், பள்ளிக்கூட நாளும். அன்றும் விட்டால் நாலாவது, பரீட்சை கிடையாது. கோகிலா ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே பச்சைத் தாவணியோடு குழியின் விளிம்பில் வந்து நின்றாள். பையை ஆணியிலிருந்து எடுக்கவில்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன்.

"நீ பள்ளிக்கொடத்துக்குக் கெளம்பு" என்றேன்.

"தண்ணி வரட்டும், பாத்துட்டுப் போறேன்."

"வேண்டாம். போ."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் தெருப் பைப்புக்குப் போறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பையை எடுத்து மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

ஒன்பது அடித்தது. கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினேன். காற்று வந்தது. பிறகு குழாயின் அடிவயிற்றில் ஒரு குமுறல், துருவாகக் கொஞ்சம், அப்புறம் சுண்டு விரல் தடிமனுக்குத் தண்ணீர். குடத்தைச் சாய்த்து வைத்துப் பிடித்தேன். குடம் நிறைய எத்தனை நேரம் ஆகும் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பாதி சேலைக்குப் பூ போடும் நேரம் மாதிரி இருந்தது. நிறைந்த குடத்தைக் குழியிலிருந்து மேலே தூக்கித் தரையில் வைத்தபோது முதுகில் ஏதோ பிடித்தது. சமையல்கட்டு வரைக்கும் கொண்டு போவதற்குள் முன்னால் பாதி வேட்டி நனைந்தது. இதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெங்கடம்மாள் தெருமுனையிலிருந்து கதை பேசிக்கொண்டே வருவாள்.

நாலு குடம் நிறைந்தது. தெருக்குழாயில் கூட்டம் சேரச் சேர என் குழாய் இளைத்தது. ஐந்தாவது குடம் பாதியில் இருக்கும்போது சொட்டாகி, நின்றுவிட்டது. மணி ஒன்பதே முக்கால். எட்டுக் குடம் வேண்டும். சமையல், குடிப்பது, குளிப்பது, மறுநாளைக்கும் சேர்த்து. நாலரையோடு நிறுத்தினால் சாயங்காலம் கோகிலா வந்து யார் வீட்டிலாவது கேட்டுக்கொண்டு நிற்பாள். குழியிலிருந்து ஏறி, இரண்டு காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

என் வீட்டிலிருந்து தெருமுனை அறுபது எட்டு. பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். அண்ணன் மகன் ஒருவன் ஓடி வந்து, சித்தப்பா குடுங்க, ஆரையாச்சும் எடுக்கச் சொல்றேன் என்று மெதுவாகச் சொன்னான். ஆரை என்று கேட்டேன். அவன் பாவுப் பக்கம் திரும்பிப் போய்விட்டான். குழாயடிக்கு வந்து சேர்ந்தேன். முன்னால் நின்ற தங்கம்மாள், எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி, தன் குடத்தைக் காலால் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். வேண்டாம், வரிசைப்படி வாரேன் என்றேன். பதினோராவது ஆளாக நின்றேன். மானம் போகும் என்று நினைத்திருந்தேன். கால்தான் வலித்தது.

இரண்டு நடை போய் மீதி மூன்று குடத்தையும் அரைக் குடத்தையும் நிறைத்தேன். ஆம்பிளைக்கு இடுப்பில் குடம் நிற்காது, தோளில் வைத்தேன், அதுவும் நிற்கவில்லை. எப்படியோ கொண்டு வந்து சேர்த்தேன். பதினொரு மணிக்குக் கூலித்தறியில் போய் உட்கார்ந்தபோது இழை இரண்டு தடவை அறுந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது கோகிலாவும் அப்போதுதான் வந்தாள். பையோடேயே சமையல்கட்டுக்குள் போனாள். குடங்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். பிறகு குழியை எட்டிப் பார்த்தாள். மறுபடி வந்து எட்டாவது குடத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"டீச்சரு ஆஜர் போட்டாக" என்றாள். "இனிமே ஒரு நாளும் விடக்கூடாதாம்."

"விட வேண்டாம்" என்றேன்.

அவள் கையில் வேலை எதுவும் இல்லாமல் நின்றாள். நடைபோக வேண்டியதில்லை, குடம் விளக்க வேண்டியதில்லை, அடுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அம்மா என்றாள், ஒரே ஒரு தடவை, சின்னப் பிள்ளை கூப்பிடுகிற மாதிரி. பிறகு அழ ஆரம்பித்தாள். வெங்கடம்மாள் செத்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. தைரியமான பிள்ளை என்று ஊரே சொன்னது, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் என் வேட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு இருட்டும் வரைக்கும் அழுதாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. மறுநாள் தண்ணீர் வராத நாள், அவள் எழுந்து ஓட வேண்டிய வேலை ஒன்றும் இல்லை.